ஏரி மட்டம்

இரவு பதினொன்றே கால்.
பீல் ஏரி
கடலுக்கும் கீழே
நூற்று முப்பத்தொன்பது கோடி மீட்டரில்
கிடக்கிறதாம். என் நிரல் சொல்கிறது.

நிலவு இருக்கும் தூரத்தைப் போல
மூன்றரை மடங்கு ஆழம்.
ஜன்னலைத் திறந்தேன்.
இங்கிருந்து ஏரி தெரியாது.
நனைந்த தெரு, ஆளில்லாத கடைசி பஸ்.

கரையில் நிற்கும் அளவி பொய் சொல்லவில்லை.
நான்கு பைட் அனுப்பியிருக்கிறது:
பூச்சியம், பூச்சியம், ஒன்று, நூற்றெழுபத்து மூன்று.
நான்தான் வால் பக்கமிருந்து வாசித்துவிட்டேன்.
எது தலை என்று
எந்த பைட்டின் நெற்றியிலும் எழுதியிருப்பதில்லை.

வந்த புதிதில்
பதிவு அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த துண்டு எழுபத்து நான்கு.
‘ஏழும் நாற்பதும்’ என்றார்கள் ஜெர்மனில்.
ஏழு, நான்கு: எழுந்து போனேன்.
நாற்பத்தேழை வைத்திருந்த கெய்மான் அம்மையார்
குடையால் என்னை மெல்ல விலக்கினார்.
பிறகு ‘நான்கும் எழுபதும்’ என்றார்கள்.
அசையவில்லை நான்; ஒருமுறை பட்டது போதும்.
இரக்கப்பட்டு பிரெஞ்சிலும் சொன்னார்கள்:
‘அறுபதும் பதினாலும்.’
அது யாரோ இரண்டு பேர் என்று இருந்துவிட்டேன்.

ஒரு சொல்லை மாற்றினேன்.
நானூற்று இருபத்தொன்பது.
ஏரி சத்தமில்லாமல்
தன் இடத்துக்கு ஏறி வந்தது.

அடுத்த எண் வருகிறது.
பூச்சியம்.
பூச்சியம்.
ஒன்று.
நான்காவது இன்னும் இல்லை.
மழையில் இணைப்பு விட்டிருக்கலாம்.
முக்கால் எண்ணை எண் என்று எழுத முடியாது.
துண்டைக் கையில் பிடித்தபடி
இருக்கிறேன்.