துளையுள்ள நாணயம்

போடோவில் டிசம்பர்.
பதினொன்றுக்கு வானம் நீலமாகப் பார்க்கும்,
ஒன்றரைக்குள் மனம் மாறிவிடும்.
ரன்வைக் நிலவறைக்கு இறங்குகிறாள்.

ஓடிக்கொண்டிருக்கும் சலவை இயந்திரத்துக்கும்
மீன் அடைத்த உறைபெட்டிக்கும் நடுவே
பின்சக்கரம் இல்லாமல் நிற்கிறது
கார்பன் சைக்கிள்.
எடை ஏழு கிலோ.
கடன் இன்னும் பதினாலு தவணை.

படகுப் பட்டறையில் பகலெல்லாம்
"இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கிப் பழகிய கை அவளுடையது.
அதை நம்பாமல்
முறுக்குமானியை எடுக்கிறாள்.
டக்.
போதும் என்பதை
இவ்வளவு சுருக்கமாக யாரும் அவளிடம் சொன்னதில்லை.

பிறகு ஐந்து குரோனர்,
நடுவில் துளையுள்ள நாணயம்.
குழாய் குழாயாகத் தட்டிக்கொண்டு போகிறாள்,
சந்தையில் பானை வாங்குகிறவள் போல.
டிக். டிக்.
பின்கவையின் வலப்புறம் வந்ததும்
மூச்சு தானாக நிற்கிறது.
பழைய சைக்கிள் போன மார்ச்சில்
அந்த இடத்தில்தான்
'தொப்' என்றது, ஈர அட்டை மாதிரி.

டிக்.

சாலையில் அது ஒதுங்கிக் கொடுக்கும்:
எழுந்து மிதித்தால்
இடமும் வலமுமாய்ச் சாய்ந்து உன் கோபத்தைச் சாலைக்கு விடும்.
இங்கே அச்சில் பூட்டிவிட்டால்
கோபம் எங்கே போகும்?
ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கவேண்டும்.
இந்த ஊரில் இதைச் சொல்ல ஆளில்லை, ஆனாலும்
ஒட்வார் ஒரு ஞாயிறு முழுக்கப் பலகை அறுத்து
அடியில் எட்டு டென்னிஸ் பந்துகளை வைத்துத் தந்தான்.
நாய் இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

கைப்பிடிக்குக் குறுக்கே துண்டு. எதிரே மின்விசிறி.
உப்பு என்ன செய்யும் என்று
படகு பார்ப்பவளுக்குத் தெரியாதா?
கார்பனைத் தொடாது,
அதைப் பிடித்திருக்கும் அலுமினியத் திருகை
அவசரமில்லாமல் தின்னும்.

இருபதாவது நிமிடம்
எழுந்து நிற்கிறாள்.
பலகை இரண்டு விரல் சாய்ந்து
மறுபக்கம் வருகிறது.
தொடை எரிகிறது. சுவரில் நிழலும் ஆடுகிறது.

டொக்.

கால் நின்றுவிட்டது.
இறங்கி, முட்டி போட்டு, கவையில் காதை வைக்கிறாள்.
டொக். டொக்.
சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து.

சலவை இயந்திரத்துக்குள்,
ஒட்வாரின் கால்சட்டைப் பையிலிருந்து தப்பி
உருண்டுகொண்டிருக்கிறது
இன்னொரு ஐந்து குரோனர்.

அவள் சிரிக்கவில்லை.
கையிலிருந்த நாணயத்தால்
வலப்புறத்தை மட்டும்
இன்னொரு முறை தட்டுகிறாள்.