ரெண்டு பர்லாங்கு

நாளைக்குக் காலை பத்து மணிக்குத் தேர்வு.
தாள் மூன்று: ஆங்கில மொழி வரலாறு.
அஞ்சலில் வந்த பாடநூலைப்
பைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்,
சில்லறையோடு சில்லறையாக.

அடிவாரத்தில் எலுமிச்சை வாங்கி ஏறியவர்கள்
முதல் வளைவிலேயே முகர ஆரம்பித்தாயிற்று.
மாதையன் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கிறார்.
ஐந்தாம் வளைவுக்குள்
சாக்சன்கள் படகிலிருந்து இறங்கி
வடக்கத்தியாரோடு வெட்டிக்கொண்டு
பிறகு பெண் எடுத்துப் பெண் கொடுத்து,
‘அவர்கள்’ என்கிற சொல்லையே
அவர்களிடம் கடன் வாங்கிவிட்டார்கள்.
எவ்வளவு பழகினால் அது நடக்கும்.

எட்டில் பிரெஞ்சுக்காரன்.
தொழுவத்தில் நிற்கும்வரை மாட்டுக்கு ஊர்க்காரன் பேச்சு,
தட்டுக்கு வந்துவிட்டால் துரை பேச்சு.
இதற்கு எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

பன்னிரண்டில் காது அடைக்கிறது.
உயிரெழுத்துகள் மேலேறிய அத்தியாயம்.
‘நாம’ நேம் ஆயிற்றாம்,
‘ஹூஸ்’ ஹவுஸ்.
ஏனென்று ஒருவருக்கும் தெரியாதாம்.
பின்படியில் ஒரு ஆள் தொற்றினால்
உள்ள போங்க, உள்ள போங்க என்று கத்துவேன்.
ஒருத்தர் நகர, அடுத்தவர் நகர,
முன்கதவோரம் நின்றவர்தான் பாவம்,
போக இடமில்லாமல்
பாதி உள்ளே பாதி வெளியே என்று
இரண்டாகிப் போவார்.
இதை எழுதினால் மார்க் போடுவார்களா?

நைஃப்புக்கு முன்னால் நிற்கும் ‘கே’
எங்கள் பலகையில் இருக்கும் பழைய ஸ்டாப்.
வண்டி நிற்பதில்லை.
அழிக்கச் சொல்லி யாரும் ஆர்டர் போடவில்லை.

பதினெட்டில் பனி.
கப்பல்கள் நம் பக்கம் திரும்பி
சுருட்டையும் கட்டுமரத்தையும் ஏற்றிக்கொள்கின்றன.
சேர்வராயனை மென்று பார்த்து
ஷெவராய் என்று துப்புகிறார்கள்.

‘ஒண்டிக்கடைக்கு ரெண்டு பர்லாங்கு முன்னாடி நிறுத்து.’

அரிசிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த வெள்ளச்சி.

பக்கம் நாற்பத்தொன்று:
ஏர்மாடுகள் நின்று மூச்சு வாங்குமுன்
ஒரே இழுப்பில் ஓடும் சாலின் நீளம்.
ஃபர்லாங்.
சால் தூர்ந்து, மாடு போய்,
அளந்தவன் ஊரில் குதிரைப் பந்தயத்துக்கென்று
கொஞ்சம் மிச்சமாம்.
இவளோ ஓர் உகரத்தைச்
சும்மாடாகச் சுருட்டி வைத்து
மலைமேல் சுமக்கிறாள் அதை.

‘அங்க ஸ்டாப் கிடையாதும்மா.’
‘எப்பவும் நிக்கும்.’

விசிலை வாயில் வைக்குமுன்
மாதையன் பிரேக்கை மிதித்துவிட்டார்.
சிப்பத்தைத் தூக்கிவிட்டேன்.
காப்பிச்செடிகளுக்குள் இறங்கிப்
பனியில் கரைந்தாள்.

இருபதாம் வளைவு திரும்பும்போதுதான்
ஞாபகம் வந்தது,
லக்கேஜ் போட்ட வகையில்
அவளுக்கு நான்
நாலு ரூபாய் பாக்கி.