உயரம்: சொல்வதற்கில்லை

படிவத்தில் நீளம் கேட்டிருந்தது, எழுதினேன்.
எடை: ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
உயரம் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது.
சுருண்டால் நான்கு விரற்கடை.
சீறினால் ஒரு சாண்.

இரும்புப் பாம்பு. செதில் ஒவ்வொன்றும் தனித் தகடு,
தகடு ஒவ்வொன்றும் அடுத்ததன் கீழ்
நாக்கு நுனிவரை வந்த சொல்லாய் உள்ளே போகும்.
சண்டை ஓய்ந்த காலத்தில்
தோள்கவசம் கேட்டு ஆள் வராத பட்டறை செய்தது.
வாளை வழுக்கிவிடத் தெரிந்த வளைவு
இப்போது என் கட்டைவிரலை வழுக்குகிறது.

கியோத்தோ, தெராமாச்சித் தெரு, ஏலக் கூடத்தின் மூன்றாம் மாடி.
விற்பவர்கள் இருவர்: இத்சுகோ, தெருமிச்சி.
விவாகரத்து முடிந்து பதினோரு வாரம்.
வீட்டைப் பிரித்தார்கள், தட்டுகளை எண்ணிப் பிரித்தார்கள்,
பாம்பை வெட்ட முடியாததால்
என்னிடம் வந்திருக்கிறது.

“இரவு நான் சுருட்டி வைப்பேன்,” என்றார் இத்சுகோ.
“காலையில் படமெடுத்து நிற்கும்.
அவர் வேலைதான். என்னைச் சீண்ட.”

தெருமிச்சி தொலைபேசியில் சொன்னார்:
“அதன் முகத்தைக்கூட உடம்புக்குள் புதைத்துவிடுவாள்.
நான் எழுந்ததும் நிமிர்த்தி வைப்பேன்,
அந்த வீட்டில் ஒன்றாவது
என்னைப் பார்க்கட்டும் என்று.”

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
கழுத்துக்குக் கீழே ஏழாவது கணு
மற்றவற்றைவிடத் தளர்ந்திருந்தது.
உடம்பெல்லாம் கறுப்பு. அங்கே மட்டும்
அரிசி அளவுக்குப் பளபளப்பு.
பத்தொன்பது வருடம்
இரவில் ஒரு கை, விடியலில் ஒரு கை,
பிடித்த இடம் ஒன்றே.

குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்:
ஏழாம் கணு தளர்வு, பயன்பாட்டினால்.
யாருடைய பயன்பாடு என்று
படிவம் கேட்கவில்லை.
நானும் இருவருக்கும் சொல்லவில்லை.

படமெடுக்க வந்த ஹருஓமி
எப்படி வைக்கட்டும் என்றான்.
பாதி சுருட்டி, தலையைக் கொஞ்சம் தூக்கி விட்டேன்.
கேமராவின் கண் திறந்திருந்த நான்கு விநாடிக்குள்
தலை மெல்ல, கேட்காத சத்தத்தோடு,
தாழ்ந்தது.
செதில்கள் எண்ணும்படி தெளிவு. முகம் மட்டும் புகை.

“வேறு எடுங்கள்,” என்றார் மேலாளர்.
எடுத்தோம், கழுத்துக்குக் கீழே கம்பி கொடுத்து.
பட்டியலில் அதுதான் வரும்.

முதல் படத்தை நான் அழிக்கவில்லை.
உயரக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு
மாலைத் தபாலில் சேர்த்தேன்.
கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.