ஏழாவது கட்டம்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
சேதத்துக்கான காரணம்.

எனக்கு வேதாரண்யம் பக்கம்.
அங்கே காற்றுக்குப் பெயர் உண்டு,
துறைமுகத்தில் கூண்டு உண்டு, கூண்டுக்கு எண் உண்டு,
மூன்று நாள் முன்பே சொல்லி அனுப்பிவிட்டுத்தான்
ஓட்டைப் பிரிக்க வரும்.

சந்தூரில் அப்படியில்லை.
செவ்வாய் மதியம் மூன்றே முக்காலுக்கு
ஓர் இலை அசையவில்லை.
நாலு மணிக்கு மாதேசன்
பூவிலேயே பணம் கட்டி எடுத்த தோப்பில்
தரை தெரியவில்லை,
பச்சையாய்ப் பெங்களூராக் காய்கள்.

புயல் என்று எழுதப் போனேன்.
"கடலு எங்க மேடம் கீது இங்க,
திருப்பி அனுப்பிருவாங்க" என்றார்
கிராம உதவியாளர் திம்மராயன்.
பலத்த காற்று என்றால் பட்டியலில் இல்லை.
சூறாவளி என்றால்
வேகம் என்ன, அளந்தது யார்.

"சூறை" என்றான் மாதேசன்.
அவ்வளவுதான் சொன்னான்.

இரவு அகராதியை எடுத்தேன்.
முதல் பொருள் சுழல்காற்று.
அடுத்து, ஒரு காற்புள்ளி தள்ளி, கொள்ளை.
எது எதற்கு மூத்தது என்று அதில் இல்லை.
வழிப்பறியில் தப்பி வந்த எவனோ
காற்றுக்கு அந்தப் பெயரை இட்டானா,
தோப்பைக் காற்றில் விட்டவன்
பின்னொரு நாள் திருடனைப் பார்த்து
"வந்துடுச்சு" என்றானா.

மூன்றாவது பொருளை
அன்று மாலையே பார்த்திருந்தேன்.
சாலையில் பைக்குகள் நின்றன.
ஹெல்மெட்டில் அள்ளினார்கள், துப்பட்டாவில் அள்ளினார்கள்,
சீருடை கலையாத ஒரு பெண்
புத்தகங்களைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு
பையில் அள்ளினாள்.
விரட்டலாமே என்றேன்.
"சூறைத் தேங்கா விட்டா
திருப்பிக் கேப்பாங்களா மேடம்?"
சிரிக்கத்தான் பார்த்தான்.

ஆறு மணிக்கு ஊறுகாய் வியாபாரியின் மினி லாரி வந்தது.
ஹாரன் அடிக்கவில்லை.
ஒரு காயைத் திருப்பிப் பார்த்து,
நகத்தால் கீறி,
"அடிபட்டது. கிலோ ரெண்டு ரூபா."
காலையில் கூழ் ஆலை சொன்ன விலை பதினெட்டு.
மாதேசன் தராசுக்குக் கல் எடுத்துக் கொடுத்தான்.

சூறை என்றே எழுதியிருக்கிறேன்.
எந்தப் பொருளில் என்று
தாலுகா ஆபீஸில் கேட்கமாட்டார்கள்.

எட்டாவது கட்டம்:
சேதம் முடிவுற்ற நேரம்.
நாலே கால் என்று போட்டு
அடித்துவிட்டேன்.
லாரி அப்போதுதான்
இரண்டாம் நடைக்குத்
திரும்பிக்கொண்டிருந்தது.