மேலே ஒரு கோடு

ஏழாம் கவுன்ட்டர். காலை நாலு மணி.
மால்டாவும் சில்சாரும் பாய் விரித்து
வரிசையிலேயே தூங்குகின்றன.
காட்பாடியில் இறங்கிய ரயில் இன்னும்
அவர்கள் பைகளில் ஆடிக்கொண்டிருக்கிறது.
"பேஷன்ட் பேர்?" என்றேன்.
"அவுரு" என்றாள்.

ஒடுகத்தூருக்கு மேற்கே ஏதோ ஒரு கொல்லை.
தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் தொட்டிருக்கிறது.
ரேஷன் கார்டு பெட்டியில்,
பெட்டிச் சாவி அவர் அரைஞாணில்,
அவர் ஸ்ட்ரெச்சரில், கண் திறக்காமல்.
"உன் பேராவது சொல்லும்மா."
"பூங்காவனம்."
"அவர் பேர்?"
"வெளிய கீறாரே, அவுருதான்."
பின்னால் யாரோ வங்காளத்தில் இருமினார்கள்.

கணினி வெற்றிடத்தை ஏற்காது.
ஒரு சிறு கோடு போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

*

மூன்று வருஷம் கிரேக்கம் படித்தவன் நான்.
குருப்பட்டத்துக்கு முந்தின கோடையில் பெட்டியைக் கட்டினேன்.
காரணம் கேட்காதீர்கள், அம்மாவிடமே சொன்னதில்லை.
மிச்சமிருப்பது இதுபோலச் சில:

பழைய சுருள் ஒன்றில் எழுதிவந்த கை
நாமம் வரும் இடத்தில் நின்றுவிட்டது.
இடம் விட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது.
வேறொரு கை வந்து
எபிரேயத்தின் நாலு மெய்யை அங்கே வைத்தது.
மெய் மட்டும்.
உயிர் வாயில் இருக்கட்டும் என்று.
பிறகு வாயும் மூடிக்கொண்டது.

எபிரேயம் அறியாத கிரேக்கர் சிலர்
அந்த நாலையும் தம் எழுத்தென்று நினைத்துப்
'பிப்பி' என்று வாசித்தார்களாம்.
வகுப்பில் நான் மட்டும் சிரித்தேன்.
பூவரசு இலையைச் சுருட்டி ஊதினால்
எங்கள் தெருவில் அதற்கு அதுதான் பேர்.
ஊதியவனிடம் மூச்சு இருந்தது,
அது போதாதா என்று இப்போது தோன்றுகிறது.

ஆதிச் சபையார் வேறு செய்தார்கள்.
ஆண்டவர் என்று வரும் இடத்தில்
முதலெழுத்து, கடைசியெழுத்து, மேலே ஒரு கோடு.
தாளை மிச்சம் பிடிக்க அல்ல;
ஓரங்களைத் தாராளமாய் விட்டிருக்கிறார்கள்.
அவசரமும் அல்ல.
தமிழில் தலையில் புள்ளி வைத்தால் உயிர் விலகும்.
தலையில் கோடு வைத்தால்?
கேட்டேன்.
மணியடித்துவிட்டது.

*

மூன்றாம் நாள் மாலை
கோடு போட்ட தாளோடு மாடி ஏறினேன்.
குழாய் வழியே யாருடையதோ போல
ஏறி இறங்கியது அவர் மூச்சு.
"விரியன் இமையைத்தான் பூட்டும், காதைப் பூட்டாது.
பேர் சொல்லிக் கூப்பிடு" என்றாள் நர்ஸ் லிஸ்ஸம்மா.

பூங்காவனம் கதவைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.
என்னை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினாள்.
போனேன்.
அந்த வார்டில் கதவு முழுதாய் மூடாது.

முப்பது வருஷம் உள்ளே இருந்த சொல்
முதலில் காற்றாய்த்தான் வந்தது.
பிறகு முதலெழுத்து.
பிறகு முழுசும்,
கொல்லைக்கு அந்தப் பக்கம் ஏர் ஓட்டுகிறவரைக்
கூப்பிடும் குரலில்.
இமை அசைந்ததா, நான் பார்க்கவில்லை.
"இன்னொருக்கா" என்றாள் லிஸ்ஸம்மா.

அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன்.
முதலில் வே. கடைசியில், தலையில் புள்ளியோடு, ன்.
சேர்த்தால் வேன்:
வருவேன், எழுவேன் என்பதில்
வினையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுகிற வால்.
எரிந்தும் கருகாத முட்செடியிடம்
பேரென்ன என்று மோசே கேட்டதற்குக் கிடைத்த பதிலை
ஆவேன் என்றும் பெயர்க்கலாம்.
பரீட்சையில் எழுதியிருக்கிறேன்,
பொருள் தெரியாமல்.

*

இரவு ஒன்பதுக்கு அவளே கீழே வந்தாள்.
கோட்டை அழித்தேன்
(வேலூரில் இதை உரக்கச் சொல்லக்கூடாது),
பேரை அடித்தேன்,
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
படிக்கத் தெரியாதவள் எழுத்துகளை
விரல்விட்டு எண்ணினாள்.
"இவ்ளோதானா?"

சரிபார்க்க வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.
"எழுதிக்கோ சார்" என்றாள்.
"படிக்காத."