அரைப்பேர்

சட்டகம் செய்யும் வேலை என்றேன்.
பக்கத்துக் காம்பரா சவரியம்மா
"தேக்கா, சப்புவா?" என்று கேட்டார்.
அவருக்கு யன்னல் ஒன்று தேவைப்பட்டது,
இருப்பது மழைக்கு உப்பிவிட்டதாம்.

இல்லை, இது கணினிக்குள்.
நான் யாருக்கும் யன்னல் செய்வதில்லை,
யன்னல் செய்கிறவர்களுக்கு
அளவும் மூலைமட்டமும் செய்கிறேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப ஒன்னையத் திட்ட ஆளே வராது."
சரியாகத்தான் சொன்னார்,
ஒரு வாரம்வரை.

ஹட்டனில், பேக்கரிக்கு மேலே வாடகை அறை.
விடிய மூன்றுக்குப் பாண் வேகும் சூடு
தரைவழியாக ஏறி வரும்.
அதற்கென்றே மாதம் ஆயிரம் கூடுதல்,
இந்தக் குளிருக்கு நியாயம்தான்.
முதல் வாரம் ஒரு வரியும் எழுதவில்லை.
பன்னிரண்டு வருடமாக யார் யாரோ எழுதியதை
வாசித்துக்கொண்டிருந்தேன்.
"இதைத் தொடாதே. ஏனென்று எனக்கும் தெரியாது"
என்று ஒருவர் குறித்துவிட்டுப் போயிருந்தார்.
அந்த வரியை விட்டு விலகியே நடந்தேன்,
குளவிக்கூடு தெரிந்த மலையில்
கொழுந்துக்காரிகள் நடப்பதுபோல.

எட்டாம் நாள் ஒரு முறைப்பாடு வந்தது.
சின்னது, புதியவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தது.
பெயர் எழுதும் பெட்டி
கைப்பேசியில் கோணலாகத் தெரிகிறதாம்.
சோதித்துப் பார்க்க என் பெயரையே அடித்தேன்:
ப. நிரோஜினி.
சிவப்பில் வந்தது பதில்.
பெயர் முழுமையில்லை.

குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டது.
எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது.
ப. என்றால் பழனியாண்டி, என் அப்பா.
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்,
அவ்வளவுதான் அவர் கேட்ட இடம்.

பெயர் முழுமையில்லை.
வேறெங்கோ கேட்ட வார்த்தை.
பதினெட்டுக் கிலோ தேறாத நாட்களில்
அம்மாவுக்கு விழுவது அரைப்பேர்.
காலை பிரட்டிலிருந்து கடைசி நிறுவைவரை
உடம்பு முழுதாகத்தான் மலையில் நின்றிருக்கும்,
செக்ரோலில் அரை ஆள்.
தராசில் பிழையில்லை என்பார்கள்.
அந்தக் கணக்கை எழுதியவர் மலைக்கு வந்ததில்லை,
கோபப்படக்கூட ஒரு முகம் கிடைக்காது.

இந்த விதிக்கும் ஆளைத் தேடினேன்.
ஒன்பது வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை ஆறு ஐம்பத்திரண்டு.
கெட்ட எண்ணம் ஒன்றும் தெரியவில்லை,
வீட்டுக்குப் போகும் அவசரம் தவிர.

இரண்டே வரி. நீக்கினேன்.
நூற்றுப் பதினொரு சோதனைகள் சிவந்தன.
கொழும்பிலிருந்து ருவந்த எழுதினான்: ஏன்?
கீழே இன்னொன்று:
உனக்குக் கோணலைத்தானே நிமிர்த்தச் சொன்னோம்,
இதன்மேல் எத்தனை ஆயிரம் செயலிகள் நிற்கின்றன தெரியுமா?

தெரியாது. அவனுக்கும் தெரியாது.

மூன்று இரவு.
மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும்,
யன்னல் கம்பியில் கைப்பேசியைக் கட்டி வைத்தேன்.
உடைந்ததை ஒவ்வொன்றாகச் சரிசெய்து
புதிய சோதனைகள் எழுதினேன்.
சோதனைக்குப் பெயர்கள் வேண்டுமே:
தெய்வானை. தலையெழுத்து இல்லை.
சவரியம்மா.
மூ. பெ. லெட்சுமணன், மூன்றாம் நம்பர் லயம்.
பச்சை.
பச்சை.
பச்சை.

ருவந்த இரண்டு நாள் பேசவில்லை.
பிறகு அவனே ஒரு சோதனையைச் சேர்த்திருந்தான்:
ஐந்து தலையெழுத்து, நீண்ட பெயர், அவனுடையது.
"பள்ளிக்கூடத்திலிருந்தே
எந்தப் பெட்டியிலும் இது அடங்கியதில்லை."
அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.
இணைத்துவிட்டான்.

மாதக் கடைசியில் சம்பளப் படிவம் வந்தது.
எங்கள் சட்டகத்தில்தான் செய்திருக்கிறார்கள்,
பழைய பதிப்பில்.
பெயர் முழுமையில்லை என்றது.
குடும்பப் பெயருக்கு நேரே
ஒரு புள்ளியை மட்டும் வைத்து அனுப்பினேன்.

இரவு அம்மா எடுத்தாள்.
"ஒனக்கு முழுப்பேரு போட்டாங்களா?"
கீழே முதல் தட்டுப் பாண் இறங்கும் சத்தம்.
போடுவாங்கம்மா, என்றேன்,
அடுத்த பதிப்புல.