இருபத்திரண்டாவது நொடி

எண்பத்தாறு வீடியோ போட்டிருந்தேன் அதுவரை.
ஒகேனக்கல்லில் பரிசல் சுற்றியது,
கே.ஆர்.பி. அணையில் மதகு திறந்தது,
களி உருண்டையை மெல்லாமல் விழுங்கும் போட்டி,
மூன்றாவது உருண்டையில் எனக்கு விக்கல்.
சேனலுக்குப் பெயர் 'குட்டியானை டைரி'.
நாற்பத்தொரு பேர் பார்ப்பார்கள்,
அதில் மூன்று பேர் நானே.

எண்பத்தேழாவது
தக்காளியின் சிவப்புக்காக எடுத்தது.
ராயக்கோட்டை மண்டி, விடியற்காலை ஐந்தே கால்,
டியூப்லைட் வெளிச்சத்தில்
பெட்டி பெட்டியாய் ஏறி நின்ற நிறம்.
அதற்குள் முனிரத்னாவின் குரல் வந்து விழுந்தது.
கத்தவில்லை. அழவில்லை.
சீட்டு எழுதும் பையனிடம் கணக்குக் கேட்டாள்.

"பெட்டி தொண்ணூறுன்னு எழுதிட்ட. சரி.
பறிக்கிற கூலி இருவத்தஞ்சு போச்சு.
கமிஷன் ஒம்போது. இறக்குகூலி ஆறு.
பெட்டி வாடகை அஞ்சு.
வண்டிக்கு முப்பது.
மிச்சம் எவ்வளவு? பதினஞ்சு.
இருவத்தஞ்சு கிலோவுக்கு ஒரு டீ.
நீ குடிக்கிறியா, நான் குடிக்கட்டுமா?"

பையன் பேனாவை மூடினான்.
முப்பத்தெட்டு நொடி.
வெட்டி ஒட்ட நேரமில்லை,
பாலக்கோட்டுக்கு அடுத்த லோடு காத்திருந்தது.
அப்படியே ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மாரண்டஹள்ளி தாண்டுவதற்குள் பதினோராயிரம்.
ராத்திரி ஒன்பது லட்சம்.
துபாயிலிருந்து ஒருவர் டீ டம்ளர் படம் அனுப்பினார்.
நடிப்பில்லாத நிஜம் என்றார்கள்.
"இருபத்திரண்டாவது நொடியில் கேமரா நடுங்குது பாருங்க,
எடுத்தவனுக்கும் மனசு இருக்கு"
என்று ஒரு பெண் எழுதியதற்கு
நாலாயிரம் இதயம்.

தருமபுரியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
செருப்புக் கடை மாடியில் ஒரு பயிற்சி வகுப்பு.
வைரலாவது எப்படி,
கட்டணம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
சிறப்பு விருந்தினர் நான். சால்வை போட்டார்கள்.
"அண்ணா, அந்த நடுக்கம் ஆப்பா, கையா?"
"கைதான்" என்றேன்.
முப்பது பேர் குனிந்து எழுதிக்கொண்டார்கள்:
கை.

அப்புறம் மழையில் வரத்து குறைந்து
பெட்டி ஆயிரத்து இருநூறுக்குப் போனது.
அதே இடத்தில் அவளை நிறுத்தி
அதே மாதிரி ஒருமுறை சொல்லச் சொன்னேன்.
சொன்னாள், பாவம்.
'ஒரு டீ' என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.
மூன்று தடவை எடுத்தோம்.
நடுக்கத்தை நானே போட்டுப் பார்த்தேன்,
குளிர்காய்ச்சல்காரன் எடுத்ததுபோல் இருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்.
அதே பெண் வந்து ஒரே வார்த்தை எழுதினார்:
ஸ்கிரிப்ட்.

கார்த்திகையில் மறுபடி எழுபது.
சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
காலிப் பெட்டிகளோடு முன்சீட்டில் ஏறினாள்.
ஏதோ சொல்ல வாய் திறந்தவள்
என் சட்டைப் பையைப் பார்த்து நிறுத்தினாள்.
"ஓடுதா?"
"இல்ல."
எடுத்துக் காட்டினேன்.
அணைத்து டேஷ்போர்டில் கவிழ்த்து வைத்தேன்.
அதற்கப்புறமும் அவள் பேசவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
எஞ்சினை நிறுத்தினேன்.
சரக்கு வண்டி, போய்க்கொண்டே இருந்தது.
எழுபதில் நானே கழித்துப் பார்த்தேன்,
அவள் சொல்லும் அதே வரிசையில்:
பெட்டிக்கு மூன்று ரூபாய்
அவள் கைவிட்டுத் தர வேண்டும்.

செருப்புக் கடை மாடியில் சொல்லாதது ஒன்று,
அவளிடமும் சொல்லாதது:
இருபத்திரண்டாவது நொடியில்தான்
'வண்டிக்கு முப்பது' வருகிறது.
அது என் வண்டி.
அன்றைக்கும் வாங்கினேன்,
முப்பத்தாறு பெட்டிக்கும் எண்ணி.